ஆமெனுக்குப் பிறகு

அத்தியாயம் 11

மறுநாள் ராஜராஜனுக்குக் கருமாதி.

துபாயில் வேலையிடத்தில் இறந்து, பெட்டியில் வந்து இறங்கிய பிள்ளையைப் பாமணியாற்றங்கரையில் எரித்துவிட்டு வந்ததிலிருந்து, அவனுடைய அப்பா நடராசன் தன் மனைவி ராஜாத்தியோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சோறு வைத்தால் சாப்பிட்டார். தண்ணீர் வைத்தால் குடித்தார். பேச்சு மட்டும் கிடையாது.

"இவதான் எம்புள்ளைய அங்கேயே புடிச்சு வெச்சா. துபாய்க்காரன் ஆத்தாங்கற பேரு வேணும் இவளுக்கு" என்று சுடுகாட்டிலேயே நாலு பேர் காதில் விழும்படி சொல்லியிருந்தார். கருமாதி முடிந்த கையோடு திருவாரூரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விடப் போவதாகவும் சொல்லிவிட்டார். போனால் திரும்பி வருகிற ஆள் இல்லை அவர்.

இதெல்லாம் எதிர்வீட்டுக் கிருபாவதிக்கு நன்றாகத் தெரியும். இருவரும் ஒரே வருஷம் அந்தத் தெருவுக்கு வாழ வந்தவர்கள். ஒருத்தி வீட்டில் குழம்பு கொதித்தால் இன்னொருத்தி வீட்டில் கிண்ணம் தயாராக இருக்கும். இந்தப் பதினைந்து நாளும் ராஜாத்திக்குக் கஞ்சி போனது கிருபாவின் அடுப்பிலிருந்துதான்.

நேற்றுக் கஞ்சியை வாங்கிக்கொண்டு ராஜாத்தி சொன்னாள்: "நான் சொன்னேன் கிருபா. மாசி மாசம் அனுப்புனோமே நீலக் கேசட்டு, அதுல 'வந்துடுடா'ன்னு வாய்விட்டுச் சொன்னேன். இவரு நம்ப மாட்டேங்குறாரு. நான் சொல்லியும் அவன் வரல. அது அவன் விதி. சொல்லிட்டேன்ங்கற ஒண்ணுதான் எனக்கு இப்ப இருக்குற ஆறுதல்."

கிருபா அவள் முதுகைத் தடவிக் கொடுத்துவிட்டு வந்தாள். அந்த நீலக் கேசட் திரும்பி வரும் என்று அவள் அப்போது நினைக்கவே இல்லை.

இன்று காலை பத்து மணிக்கு அது வந்துவிட்டது.

கொண்டுவந்தவன் கூத்தாநல்லூர் ஜாஃபர் சாதிக். ராஜராஜனோடு துபாயில் ஒரே அறையில் தங்கியிருந்தவன். லீவில் ஊருக்கு வந்த மூன்றாம் நாளே, இறந்துபோனவனின் துணிமணிகளை ஒரு பெட்டியில் கட்டி எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டான். பெட்டியை ராஜாத்தியிடம் ஒப்படைத்துவிட்டு, கையில் ஒரு பிஸ்கட் டின்னோடு தெருவைக் கடந்து கிருபாவின் வாசலுக்கு வந்தான்.

"நீங்கதானேம்மா கிருபா அத்தை? அவங்கம்மா இதைக் குடுத்துவிட்டாங்க. எல்லாம் கேசட்டு. இதுல நீலக் கேசட்டத் தேடி எடுத்து வெச்சிட்டு, சாயங்காலம் டேப்ரிக்கார்டரத் தூக்கிட்டு வரச் சொன்னாங்க. அவங்க வீட்டுக்காரருக்குப் போட்டுக் காட்டணுமாம்."

கிருபா டின்னை வாங்கி நாற்காலி பக்கத்தில் வைத்தாள். "உள்ள வாங்க தம்பி. வெயில்ல வந்திருக்கீங்க" என்றாள்.

"உங்க குரலக் கேட்டதுமே தெரிஞ்சிடுச்சும்மா" என்றான் ஜாஃபர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு. "ரெண்டு வருஷமாக் கேட்ட குரலாச்சே."

அவள் மோரைக் கொண்டுவந்து நீட்டினாள்.  ரெண்டு வருஷமாக அவன் எங்கே கேட்டான் என்று அவளுக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது. ராஜாத்திக்குக் கூடத் தெரியாது.

விஷயம் இதுதான். அந்தத் தெருவில் டேப்ரிக்கார்டர் இருந்தது கிருபாவின் வீட்டில். ராஜாத்திக்கு எழுதத் தெரியாது. மன்னார்குடிக்குப் போய் எஸ்.டி.டி. பூத்தில் போன் போட்டால், வரிசையில் நிற்கிறவர்கள் வாயைப் பார்க்க, நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன் என்பதற்குமேல் எதுவும் பேச வராது. அதனால் மாதம் ஒரு கேசட். ராஜாத்தி வந்து உட்காருவாள். கிருபா இரண்டு பொத்தானையும் சேர்த்து அழுத்திவிட்டு, "நீ பாட்டுக்குப் பேசு, முடிஞ்சதும் இந்தப் பொத்தான அமுக்கிடு" என்று கொல்லைப்பக்கம் போய்விடுவாள். தாயும் பிள்ளையும் பேசுவதை ஒட்டுக்கேட்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

அவளுக்கு இருந்தது வேறு ஒரு பழக்கம்.

சபையில் போதகர் ஒருமுறை சொன்னார்: "எதனால இவ்வளவு நிம்மதியா இருக்கீங்கன்னு ஒருத்தர் கேட்டா, முழிக்கக் கூடாது. பதிலைக் கையில வெச்சிருக்கணும்." கிருபா எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. பதிலை மனப்பாடமே செய்துவிட்டாள். தன் ஆண்டவர் தனக்கு என்னவெல்லாம் செய்தார், முதல் குழந்தை வயிற்றிலேயே போனபோது எப்படித் தாங்கினார் என்று ஐந்து நிமிஷத்துக்குள் அடங்குகிற மாதிரி ஒரு சாட்சி. சிக்கல் என்னவென்றால், அதை யாரும் கேட்கவில்லை. மீன்காரி கேட்கவில்லை, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் கேட்கவில்லை. எதிர்வீட்டு ராஜாத்தி இருபத்தைந்து வருஷமாகக் கேட்கவில்லை. ராஜாத்தி வந்து உட்கார்ந்தால் பேச்சு உளுந்து விலையில் தொடங்கி ஒன்பதரை பஸ்ஸில் முடிந்துவிடும். நடுவில் ஆண்டவரை நுழைக்க கிருபாவுக்கு நாக்கு எழவில்லை. தப்பாக எடுத்துக்கொள்வாளோ, வருவதை நிறுத்திவிடுவாளோ என்று பயம்.

கேசட்டுக்கு அந்தப் பயம் இல்லை. ராஜாத்தி பேசிவிட்டுப் போன பிறகு பி பக்கத்தில் கொஞ்சம் மிச்சம் இருக்கும். கிருபா லேசாகப் பின்னுக்கு ஓட்டி, பேச்சு எங்கே நின்றது என்று பார்த்து, அங்கிருந்து தன் குரலைப் பதிந்துவிடுவாள். "தம்பி ராஜா, கிருபா அத்தை பேசறேன். உங்கம்மாவுக்குத் தெரியாமப் பேசறேன்" என்று ஆரம்பித்து, இரண்டு வார்த்தை ஆறுதல், ஒரு ஜெபம், ஆமென். ரெண்டு வருஷம், மாதாமாதம்.

"நாங்க ஆறு பேரும்மா ஒரு ரூமுல" என்றான் ஜாஃபர். "அவன் கேசட்டு போட்டா எல்லாரும் கேப்போம். ஊருக் குரல் கேக்குதேன்னு ஒரு ஆசை. அவங்கம்மா பேசி முடிச்சதும் உங்க துஆ வரும். நீங்க ஆமென் சொன்னதும் நாங்களும் ஆமீன் சொல்லுவோம். அதோட டேப்ப நிறுத்திட்டுச் சாப்பிடப் போவோம்."

சொன்னால் நம்பமாட்டீர்கள், கிருபாவுக்கு முதலில் வந்தது சந்தோஷம். ஒரு நொடிதான். பிள்ளை போன துக்கத்துக்கு நடுவிலும், விதைத்தது வீண் போகவில்லை என்று மனசு ஒரு துள்ளு துள்ளியது. பிறகு வாழ்நாளெல்லாம் அந்த ஒரு நொடிக்காகவே அவள் வெட்கப்பட்டாள்.

"கடைசியா வந்த நீலக் கேசட்டத்தாம்மா தேயத் தேயக் கேட்டான்" என்று ஜாஃபர் தொடர்ந்தான். "டிரைவர் வேலைன்னு கூட்டிட்டுப் போயி, வெயில்ல சாரத்துல ஏத்திவிட்டாங்க. முடியலடா, ஊருக்குப் போயிடறேன்பான். ஆனா பாதியில திரும்பி வந்தா ஊருல சிரிப்பாங்க, அப்பா முகத்துல முழிக்க முடியாதும்பான். 'அம்மா ஒரு வார்த்தை வந்துடுன்னு சொன்னா மறுநாளே கெளம்பிடுவேன் ஜாஃபரு'ன்னுதான் சொல்லுவான். அவங்க சொல்லவே இல்லையே. 'ஒண்ணு சொல்லணும்டா'ன்னு ஆரம்பிச்சு அழுதுட்டு விட்டுட்டாங்க. அதுக்கப்புறம் நீங்கதான் தைரியம் சொன்னீங்க. அதை வெச்சுத்தான் அவன் தாக்குப்புடிச்சான்."

"நான்... நான் என்ன சொன்னேன் தம்பி?"

"ஆண்டவர் உன்னை எங்க வெச்சிருக்காரோ அங்கேயே உறுதியா நில்லுன்னு. எனக்கே மனப்பாடமாயிடுச்சும்மா."

மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவன் எழுந்தான். "அங்க இதெல்லாம் சொல்ல எனக்கு வாய் வரல. அவங்க முகத்தப் பாத்தா முடியல. உங்ககிட்ட சொல்லலாம்னு தோணுச்சு." பிறகு டின்னைத் திறந்து மேலாக இருந்த ஒரு வெள்ளைக் கேசட்டை எடுத்துக் காட்டினான். "இது அவன் கடைசியாப் பேசுனது. அனுப்பல. உங்க பேருதான் போட்டிருக்கான்."

பால்பாயிண்ட் பேனாவில் கோணல் எழுத்து: கிருபா அத்தைக்கு மட்டும்.

ஜாஃபர் போன பிறகு கிருபா அந்த வெள்ளைக் கேசட்டைத் தொடவில்லை. நீலக் கேசட்டை எடுத்தாள். தஞ்சாவூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் மகள் சுகிர்தா கருமாதிக்காக வந்திருந்தாள்; ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்னம்மா, பேயடிச்ச மாதிரி இருக்க?"

கிருபா பி பக்கத்தைத் திருப்பிப் போட்டாள்.

ராஜாத்தியின் குரல் அறையை நிறைத்தது. மாடு கன்று போட்டது, வாய்க்காலில் தண்ணீர் இல்லாதது, யார் யாருக்குக் கல்யாணம். பிறகு குரல் இறங்கியது. "தம்பி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்டா." அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம். புடவையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிற சத்தம். பிறகு அதுவும் இல்லை. வெறும் இரைச்சல்.

டொக்.

"தம்பி ராஜா, கிருபா அத்தை பேசறேன்..."

சுகிர்தா திரும்பி அம்மாவைப் பார்த்தாள். கிருபா கண்ணை மூடிக்கொண்டாள். அன்று நடந்தது இப்போது புரிந்தது. வழக்கத்தைவிட அதிகமாகப் பின்னுக்கு ஓட்டிவிட்டாள்; அப்போது அவள் காதில் விழுந்தது அந்த இரைச்சல்தான். ராஜாத்தி அழுகையை அடக்க நேரம் எடுத்துக்கொண்ட இடம் அது. பேச்சு முடிந்துவிட்டது என்று நினைத்து அதன் மேலேயே பதிந்துவிட்டாள்.

கேசட் ஓடியது. எங்கே வைத்திருக்கிறாரோ அங்கேயே உறுதியாக நில்லு, பாதியில் திரும்பிப் பார்க்காதே, அவர் உன்னை விடமாட்டார். அவளுடைய குரலா அது, எவ்வளவு உற்சாகம்! ஜெபம் முடிந்தது. ஆமென். எழுந்து நிறுத்தக் கிருபாவுக்குக் கை வரவில்லை.

டொக்.

"...சிரிக்கிறவன் சிரிச்சுட்டுப் போறான். நம்ம வீடு இருக்குடா தம்பி உனக்கு. அப்பாவ நான் பாத்துக்கறேன். நீ கெளம்பிடு. யாரையும் கேக்காத, கெளம்பி வந்துடு. அவ்வளவுதான். வெக்கிறேன்டா."

சுகிர்தா எட்டிக் கேசட்டை நிறுத்தினாள்.

ஆமென் வந்ததும் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போவோம் என்று அந்தப் பையன் சொல்லியிருந்தான். ரெண்டு வருஷமாக எல்லாக் கேசட்டும் ஆமெனோடு முடிந்தது. இதுவும் முடிந்துவிட்டது என்று நினைத்துத்தான் ராஜராஜனும் நிறுத்தியிருப்பான். இன்னும் பத்து நொடி ஓடவிட்டிருந்தால் அவனுடைய அம்மா கூப்பிட்டது கேட்டிருக்கும்.

"அம்மா" என்றாள் சுகிர்தா.  கிருபா தரையில் சரிந்து உட்கார்ந்து, சத்தம் வெளியே போகாமல் அழுதாள். எதிர்வீட்டுக்குக் கேட்டுவிடக் கூடாதே என்ற பயம் அப்போதும் விடவில்லை.

மத்தியானம் கிருபாவின் கணவர் தேவநேசன் சாப்பிட வந்தார். மின்வாரியத்தில் லைன்மேன். புயலில் கம்பத்தில் ஏறுவார், பெண்கள் அழுதால் கொல்லைக்கு ஓடிவிடுவார். இன்று ஓட வழியில்லை. மகள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் நின்றபடியே இரண்டு முறை கேசட்டைப் போட்டுக் கேட்டார். 

"ஒண்ணு பண்ணலாம் கிருபா" என்றார் கடைசியில். "உன் குரல மட்டும் அழிச்சிடு. அந்த இடம் வெத்தா இருக்கட்டும். டேப்பு கெட்டுப்போச்சுன்னு நெனச்சுக்குவாங்க. கடைசியில 'கெளம்பி வந்துடு'ன்னு ராஜாத்தி சொல்றது நல்லாக் கேக்குது. நடராசனுக்கு அது போதும். ராஜாத்திக்கும் அது போதும்."

"அப்பா சொல்றது சரிம்மா" என்றாள் சுகிர்தா. "சொன்னா உனக்கு பாரம் எறங்கும். அவங்களுக்கு? புள்ளை கேக்கவே இல்லங்கறது தெரிஞ்சா, அத்தைக்கு இருக்கற அந்த ஒரு ஆறுதலும் போயிடும். எதுக்காகப் பிடுங்கணும்?"

நியாயமான பேச்சு. கெட்ட மனசோடு சொன்னதல்ல. கிருபாவுக்கு அதில் ஒரு ஓட்டையும் தெரியவில்லை.

அவர்கள் சாப்பிட உட்கார்ந்ததும் அவள் உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். கேசட்டைப் பின்னுக்கு ஓட்டினாள். தன் குரல் தொடங்குகிற இடத்தைக் கண்டுபிடித்தாள். இரண்டு பொத்தான்களின் மேலும் விரல் வைத்தாள். மூன்று நிமிஷம் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்தால் போதும்.

சரியான இடம்தானா என்று ஒருமுறை கேட்டுவிடலாம் என்று ஒரு பொத்தானை மட்டும் அழுத்தினாள்.

"தம்பி ராஜா, கிருபா அத்தை பேசறேன். உங்கம்மாவுக்குத் தெரியாமப் பேசறேன்..."

நிறுத்தினாள். இதே அறை, இதே பொத்தான்கள். ஒருமுறை ராஜாத்திக்குத் தெரியாமல் செய்ததுதான் இவ்வளவு தூரம் வந்து நிற்கிறது. இப்போது மறுபடியும் அவளுக்குத் தெரியாமல் ஒன்று. விரலை எடுத்துவிட்டாள். ஜெபம் செய்யலாம் என்று முழங்காலில் நின்றாள்.  வார்த்தைக்கு எப்போதும் பஞ்சமில்லாதவளுக்கு அன்று ஒரு வார்த்தையும் வரவில்லை.

ஐந்து மணிக்கு டேப்ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். தேவநேசன் வாசலில் எழுந்து நின்றார்.

"அழிச்சிட்டியா?"

"இல்லீங்க."

அவர் வழியை மறிக்கவில்லை. "நானும் வரட்டுமா?" என்று கேட்டார்.

"வேணாம். பேசுனது நான்தானே."

ராஜாத்தி கூடத்தில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மகனின் சட்டைகளை ஒவ்வொன்றாக மடித்து, மறுபடி பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். நடராசன் சுவரைப் பார்த்தபடி பெஞ்சில் படுத்திருந்தார்.

"வந்துட்டியா. வை, இங்க வை" என்றாள் ராஜாத்தி. முகத்தில் பதினைந்து நாளாக இல்லாத ஒரு தெளிவு. கணவர் பக்கம் திரும்பி, "இப்பக் கேளுங்க. நான் என்ன சொன்னேன்னு உங்க காதாலயே கேளுங்க" என்றாள். அவர் அசையவில்லை.

கிருபா டேப்பை வைத்துவிட்டு அதன் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"ராஜாத்தி, போடறதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லிடறேன். அண்ணே, நீங்களும் கேளுங்க. ராஜாத்தி சொன்னது நெசம். வந்துடுடான்னு சொல்லியிருக்கா. ஆனா ராஜா அதைக் கேக்கல. கேக்க விடாம அழிச்சது நான்."

ராஜாத்தி மடித்த சட்டை மடியிலேயே இருந்தது. "என்ன கிருபா பேசற?"

கிருபா சொன்னாள். ஒன்றையும் விடவில்லை. ரெண்டு வருஷமாக மிச்ச இடத்தில் பேசியதை, அழுகைக்கு நடுவே வந்த இரைச்சலை முடிவு என்று நினைத்ததை, ஆமென் வந்ததும் அந்தப் பிள்ளைகள் நிறுத்திவிடுவதை.  பிறகு பொத்தானை அழுத்தினாள்.

மூன்று பேரும் கேட்டார்கள். மாடு, வாய்க்கால், கல்யாணம். ஒண்ணு சொல்லணும்டா. அழுகை. கிருபாவின் ஜெபம் முழுசாக. இவ்வளவு நீளமாகவா பேசினோம் என்று அவளுக்கு உடம்பு கூசியது. ஆமென். டொக். கெளம்பி வந்துடு, வெக்கிறேன்டா.

முதலில் எழுந்தது நடராசன். பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"ராஜாத்தி" என்றார். பதினைந்து நாளுக்குப் பிறகு முதல் வார்த்தை. "அப்பாவ நான் பாத்துக்கறேன்னு சொல்லியிருக்கியே. நான் என்ன பண்ணிடப் போறேன் அவனை? வந்தா வாடான்னு சொல்லியிருப்பேனே. என்னைக் கண்டா பயந்துகிட்டு இருந்தான் எம்புள்ளை?" ஆறடி மனுஷன் பெஞ்சில் குனிந்து தேம்பினார்.

ராஜாத்தி அவர் பக்கம் போகவில்லை. அழவும் இல்லை. கிருபாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கிருபா, உன்னை ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"அங்கேயே உறுதியா நில்லுன்னு சொன்னியே. அது உன் ஆண்டவர் சொல்லச் சொன்னதா? இல்ல நீயாச் சொன்னதா?"

இருபத்தைந்து வருஷமாக அவள் ஒரு கேள்விக்காகக் காத்திருந்தாள். அவளுடைய நம்பிக்கையைப் பற்றி ராஜாத்தி வாய் திறந்து கேட்ட முதல் கேள்வி இது. மனப்பாடம் செய்து வைத்திருந்த ஐந்து நிமிஷத்தில் இதற்குப் பதில் இல்லை. ஆண்டவருடைய சித்தம் நமக்குப் புரியாது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். சபையில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்.

"நானாச் சொன்னது ராஜாத்தி" என்றாள். "அவர் பேரைப் போட்டு நானாச் சொன்னேன். அவன் என்ன பாடுபடறான்னு எனக்குத் தெரியாது. கேக்கவும் இல்ல. அவர் மேல தப்பில்ல. அவரை நீ வெறுத்துடாத. என்னை வெறு."

ராஜாத்தி மடியிலிருந்த சட்டையைக் கையில் எடுத்தாள்.

"இருபத்தஞ்சு வருஷம் எதிர்லதானே இருந்தேன்" என்றாள். "சுகிக்கு அம்மை போட்டப்ப என் மடியிலதானே கெடந்தா. உன் சாமியப் பத்தி எங்கிட்ட சொல்லியிருந்தா நான் கேக்க மாட்டேனா? வேணாம்னா வேணாம்னு சொல்லியிருப்பேன். எங்கிட்ட சொல்லாம, எட்டாத தூரத்துல இருந்த எம்புள்ளைகிட்ட போய், அதுவும் என் கேசட்டுல..." அதற்குமேல் முடியவில்லை. சட்டையை முகத்தில் பொத்திக்கொண்டாள்.

கிருபா அவளைத் தொடக் கையை நீட்டினாள். பிறகு இழுத்துக்கொண்டாள். தொடுகிற உரிமை இப்போது உண்டா என்று தெரியவில்லை.

இடுப்பில் செருகியிருந்த வெள்ளைக் கேசட்டை எடுத்துத் தரையில் வைத்தாள். "இன்னொண்ணு இருக்கு. ராஜா கடைசியாப் பேசுனது. என் பேரு போட்டிருக்கான். எனக்கு மட்டும்னு எழுதியிருக்கான். நான் இன்னும் கேக்கல."

சட்டைக்குள்ளிருந்து ராஜாத்தியின் முகம் வெளியே வந்தது. கேசட்டை எடுத்தாள். படிக்கத் தெரியாத அந்த எழுத்தின் மேல் கட்டைவிரலால் தடவினாள்.

"எம்புள்ளை குரலு. நான்தான் முதல்ல கேப்பேன்."

"கேளு."

"டேப்பு பொட்டிய வெச்சுட்டுப் போ. நாளைக்குக் கருமாதிக்கு நீ வர வேணாம். கஞ்சியும் வேணாம்."

கிருபா தலையை ஆட்டினாள்.  எழுந்து வெளியே வந்தாள். தெருவில் வெளிச்சம் இன்னும் இருந்தது. மேலத்தெருவிலிருந்து நாளைக்கான பாத்திரங்களை யாரோ வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். எதிரே தன் வீட்டு வாசலில் தேவநேசனும் சுகிர்தாவும் நிற்பது தெரிந்தது. நாற்பது அடி தூரம்தான்.

பாதி தெருவைக் கடப்பதற்குள் பின்னால் பொத்தான் அழுத்துகிற சத்தம் கேட்டது. பிறகு அந்தக் குரல். மழலையாக இருந்த காலத்திலிருந்து அவள் கேட்டுப் பழகிய குரல்.

"அத்தை, நான் ராஜா பேசறேன். இது அம்மாவுக்குத் தெரிய வேணாம்..."

டொக்கென்று கேசட்டை நிறுத்துகிற சத்தம் கேட்டது.

கிருபாவதி நடுத்தெருவில் நின்றுவிட்டாள். திரும்பிப் பார்க்கவும் தைரியமில்லை, முன்னால் நடக்கவும் கால் வரவில்லை. மறுபடி அந்தப் பொத்தான் சத்தத்துக்காக அவள் காத்திருந்தாள். ராஜாத்தி வீட்டிலிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை.